கஸ்மிரா அழுத படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு, மேல்காற்று அடங்காமல் வீசிக்கொண்டிருந்த மழைக்காலத்தில்தான் முர்த்தினி கஸ்மிராவை முதன்முதலாகப் பார்த்தாள். ஜாவாவின் வடகரையில் இருந்த தாசிக்வாரு என்ற மீனவ ஊரின் படகுகள் எல்லாம் ஆற்றுக்குள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஆண்கள் வலைகளைப் பழுது பார்ப்பதும், அது முடிந்ததும் காப்பிக்கடையில் உட்கார்ந்து வானத்தைக் குறை சொல்வதுமாகக் காலத்தைக் கழித்தார்கள். அந்த நேரத்தில்தான் ஜகார்த்தாவிலிருந்து ஒரு படக்குழு வந்து இறங்கியது. ஊருக்கு அது பொழுதுபோக்காக வாய்த்தது.

முர்த்தினி அந்தக் குழுவில் வேலை பார்த்தாள். முதல் நாள் நனைந்த சட்டை அடுத்த நாள் காட்சியில் காய்ந்து போய்விடாமல், வலது கையில் இருந்த கூடை இடது கைக்கு மாறிவிடாமல் கவனித்துக்கொள்வது அவளுடைய பொறுப்பு. படத்தின் பெயர் ‘ஈரக் கயிறு’. ஒரு மீனவர், அவருடைய மனைவி, இரண்டு மகன்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. மகன்களைக் கடலிலிருந்து பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளத் தாய் படும் பாடுதான் கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. தகப்பன் சோற்றுத் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல், கோபித்துக்கொண்டிருக்கும் மூத்த மகனின் தட்டில் வைக்கும் காட்சி ஒன்று உண்டு. அதைப் படமாக்கிய அன்று முர்த்தினி தன் வேலையை மறந்து, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் படத்துக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் அன்று அவளைப் பிடித்துக்கொண்டது.

கஸ்மிரா திருக்கை மீனைப் புகை போட்டு விற்கிறவள்; ராசிமன் என்ற மீனவனின் மனைவி. குழந்தை இல்லை. ஆற்றோரத்துக் கொட்டகையில், தேங்காய் மட்டை எரியும் அடுப்பின் முன்னால் காலையிலிருந்து குந்தியிருப்பாள். முர்த்தினி அங்கே சோற்றுக்கு மீன் வாங்கப் போய், பிறகு மீன் வேண்டாத நாள்களிலும் போகத் தொடங்கினாள்.

குழு வந்த வாரத்தில், ஊராரின் மனத்தைக் குளிர்விப்பதற்காக மைதானத்தில் மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டி, பழைய சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டார்கள். முன்பக்கத்தில் இடம் பிடித்தவர்கள் போக, எஞ்சியவர்கள் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் பாயை விரித்தார்கள். கஸ்மிரா அங்கேதான் இருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடவலமாக மாறித் தெரியும். படத்தில் பெரிய மனிதர் ஒருவர் விருந்தில் இடது கையால் அள்ளி அள்ளித் தின்பதைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“முன்னாடி உக்காந்தா இந்தக் கூத்து உண்டா அக்கா? பணக்காரன் கழுவுற கையால திங்கறான் பாருங்க.”

அவளுடைய சிரிப்பைத்தான் இயக்குநர் டானு முதலில் கவனித்தார்.

தகப்பன் திரும்பாத செய்தி வந்த பிறகு, தாய் கரையில் அமர்ந்து அழும் காட்சி எஞ்சியிருந்தது. ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த நடிகை அழகாக அழுதார். அழகாக இருந்ததுதான் குற்றம் என்றார் டானு. இரண்டாம் நாள் நடிகைக்குக் காய்ச்சல் கண்டது. தொலைவிலிருந்து எடுக்கும் காட்சிதானே, உடல்வாகு ஒத்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி போதும் என்று அவர் கஸ்மிராவைக் கேட்டனுப்பினார்.

கஸ்மிரா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டு ஆண் ஆற்று முகத்தைத் தாண்டிக் கடலில் இருக்கும்போது, அந்த வீட்டுப் பெண் கரையில் நின்று அழக் கூடாது. கூந்தலை அவிழ்க்கவும் கூடாது. அப்படிச் செய்தால் கடல் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளும் என்பார்கள். அவள் யோசித்தாள். படகுகள் எல்லாம் ஆற்றில் கட்டிக் கிடக்கின்றன; கணவன் காப்பிக்கடையில் இருக்கிறான்; எனவே தவறில்லை என்று முடிவு செய்தாள்.

“நாள் முழுக்கப் புகையில நின்னு கண்ணீர் விடறேன். அதை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்களேன்” என்று முர்த்தினியிடம் மட்டும் கேலியாகச் சொன்னாள்.

அன்று காலை காற்றுச் சற்றுத் தணிந்திருந்தது. கரையில் குந்திய கஸ்மிராவுக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தில் சிரிப்புத்தான் வந்தது. டானு பொறுமையாக இருந்தார். ஒருமுறை கையை உயர்த்தி யாருக்கோ சைகை காட்டினார். முர்த்தினி திரும்பிப் பார்ப்பதற்குள், வலப்புறத்து ஆற்று முகத்திலிருந்து ஒரு படகு வெளியே வந்தது. பழுப்புப் பாயில் நீல ஒட்டுத்துணி. அலையில் மூக்கைத் தூக்கி, விழுந்து, மறுபடியும் தூக்கிக்கொண்டு இடப்புறமாகத் திறந்த கடலை நோக்கிப் போயிற்று.

அந்த ஒட்டைத் தைத்தவளே கஸ்மிராதான். காட்சிக்குப் பின்னணியில் ஒரு படகு போனால் நன்றாக இருக்கும் என்று டானு ராசிமனைத் தனியே கேட்டிருக்கிறார். ஊரே சோம்பிக் கிடக்கும் நாளில் யாரும் துணியாததைச் செய்து காட்டும் ஆசையில் அவனும் தலையாட்டியிருக்கிறான். மனைவியை என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கணவனை எங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. இரண்டையும் அறிந்திருந்தவர் டானு ஒருவரே. அவர் ஊர்க்காரர் அல்லர். அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கஸ்மிரா எழுந்தாள். தண்ணீருக்குள் இடுப்பளவு ஓடினாள். அலை அடித்து விழுந்தாள். கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் கூந்தல். அப்போதுதான் அழுகை வெடித்தது. நிறுத்தச் சொல்லி முர்த்தினி டானுவின் கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, ஒளிப்பதிவாளரின் தோளில் தம் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ராசிமன் நண்பகலுக்குப் பிறகு பத்திரமாகத் திரும்பி வந்தான். உடை மாற்றிக்கொண்டு, எல்லாரும் தன்னைப் பாராட்டப் போகிறார்கள் என்ற நினைப்பில் கொட்டகைக்குள் நுழைந்தவனைக் கஸ்மிரா ஏறிட்டும் பார்க்கவில்லை. முர்த்தினியைத்தான் பார்த்தாள்.

“நான் அழுதது அந்தப் பெட்டிக்குள்ள இருக்குதா அக்கா?”

இருக்கிறது என்றாள் முர்த்தினி.

“அப்போ எங்கேயாவது ஒரு ஊர்ல அதைப் போட்டாங்கன்னா, நான் மறுபடியும் அழுவேன். இவரு அன்னிக்குக் கடல்ல இருந்தாருன்னா?”

அந்த நாளிலிருந்து விடை இல்லாத அந்தக் கேள்வி இருவருக்கும் பொதுவாயிற்று.

படம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதே வாரத்தில் ஒரு பேய்ப் படமும் பாட்டு நிறைந்த ஒரு காதல் படமும் வந்தன. கூட்டம் அங்கே போயிற்று. ‘ஈரக் கயிறு’ ஓடிய கொட்டகைகளில் முன்வரிசையில் ஆள் இல்லை. வாரம் முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். டானு மனம் உடைந்து விளம்பரப் படங்களுக்குப் போய்விட்டார். காலியான கொட்டகையில் அமர்ந்து முர்த்தினி அந்த அழுகைக் காட்சியைப் பார்த்தாள். நடுவில் கஸ்மிரா; அவளுக்கு அப்பால், வலமிருந்து இடமாக, கட்டைவிரல் அளவில் தேய்ந்துகொண்டே போகும் அந்தப் படகு. இப்படி ஒன்றை இந்த நாட்டில் இதற்கு முன் யாரும் எடுத்ததில்லை என்று அவள் நம்பினாள். அதைப் பார்க்க அவளையும் சீட்டுக் கிழிப்பவரையும் தவிர ஆள் இல்லை என்பதில் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

செய்தியைச் சொல்லத் தாசிக்வாருவுக்குப் போனாள். படம் தோற்றுவிட்டது என்றதும் கஸ்மிரா இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தி இறைவனுக்கு நன்றி சொன்னாள். பிறகு முர்த்தினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு கைகளை இறக்கி, நல்ல துண்டாகப் பார்த்து ஒரு மீனை எடுத்து வைத்தாள்.

முர்த்தினி செமாராங்கில் ஒரு படக்கிடங்கின் மேலாளரை மணந்துகொண்டாள். மத்திய ஜாவாவில் ‘ஈரக் கயிறு’ எங்கே போவதானாலும் அந்தக் கிடங்கிலிருந்துதான் படச்சுருள் அடங்கிய தகரப் பெட்டி போக வேண்டும். இது தற்செயலாக அமைந்ததா என்று அவளுடைய கணவரே கேலியாகக் கேட்பதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோ, ஏதாவது கல்லூரி, ஏதாவது சங்கம் அந்தப் படத்தைக் கேட்கும். முர்த்தினிக்கு மகிழ்ச்சி பொங்கும். அந்த மகிழ்ச்சி நெஞ்சில் நிலைகொள்வதற்குள் தாசிக்வாரு வழியாகப் போகும் ரெம்பாங் பேருந்தின் நடத்துநரைத் தேடி ஓடுவாள். இந்த நாளில் படம் என்று வாய்வழியாகச் சொல்லியனுப்புவாள். செய்தி கிடைத்தால், குறிப்பிட்ட நாளின் விடியலில் கஸ்மிராவுக்குத் தவறாமல் வயிற்று வலி வரும். பாயில் சுருண்டு கிடந்து, கணவனை வாசல் தாண்ட விட மாட்டாள். செய்தி சேர்ந்ததா, சேரவில்லையா என்று தெரியாமல், படம் ஓடும் நேரமெல்லாம் முர்த்தினி செமாராங் வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். தன் வாழ்நாளில் தான் மிகவும் விரும்பிய படத்தை யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு அவள் வந்திருந்தாள். அப்படி வேண்டிக்கொண்ட நாளில் தூக்கம் வராது.

இப்படியே சில ஆண்டுகள் போயின. பிறகு ஒரு மேல்காற்றுக் காலத்து ஞாயிற்றுக்கிழமை, முர்த்தினி தாசிக்வாருவுக்கு விருந்தாளியாக வந்திருந்தாள். காற்று ஓய்ந்த இடைவெளி பார்த்து நான்கைந்து படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ராசிமனுடைய இயந்திரப் படகும் அவற்றில் ஒன்று. பெண்கள் இருவரும் கொட்டகையில் திருக்கையைக் குச்சியில் கோத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் பக்கத்து வீட்டு மீன் தரகர் வார்சோவின் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஓர் இசை கேட்டது. முர்த்தினியின் கை நின்றது. படத்தின் தொடக்க இசை அது.

ஏதோ நிகழ்ச்சி ரத்தாகி, கைக்குக் கிடைத்த பழைய படத்தை ஜகார்த்தாவில் போட்டுவிட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தது வேறு பிரதி. செமாராங் கிடங்குக்கு அதனோடு தொடர்பே இல்லை.

கஸ்மிராவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் சொல்லத் தேவை இருக்கவில்லை. “நம்ம ஆத்தங்கரைடா!” என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். கஸ்மிரா எழுந்து, கரி படிந்த கைகளோடு வார்சோவின் வீட்டுக்கு நடந்தாள். பெட்டியை அணைக்கத்தான் போனாள். வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தில் தெருவே கூடியிருந்தது. பெட்டிக்குள் வார்சோவின் இறந்துபோன தகப்பனார் காப்பிக்கடையில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். வார்சோ தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைக்கவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் தலைக் காட்சி வந்தது. ஓர் இளைஞன், தன் தகப்பனைத் திரும்பிப் பாராமலே, அவர் முழங்காலைத் தொட்டான்.

இத்தனை காலம் முர்த்தினி மனத்துக்குள் கண்ட கூட்டம் இதுதான். அது கிடைத்த நேரத்தில் அவளால் அதை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. கஸ்மிராவைத்தான் பார்த்தாள்.

அணைக்கச் சொல்லிக் கஸ்மிரா கேட்கவில்லை. படியிலேயே குந்தி, இரண்டு கைகளாலும் தன் கொண்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் இளைய கஸ்மிரா அலைக்குள் ஓடினாள், கூந்தல் அவிழ்ந்தது, கதறினாள். வெளியே இருந்தவள் பல்லைக் கடித்து, கண்ணில் ஒரு சொட்டும் வராமல், கொண்டையை விடாமல் இருந்தாள். அப்பால் நீல ஒட்டுப் போட்ட பாய் வலமிருந்து இடமாகப் போய்ச் சிறுத்து மறைந்தது.

மாலையில் மற்றப் படகுகள் வந்து சேர்ந்தன. ராசிமனைப் பார்த்தீர்களா என்று முர்த்தினி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். காலையில் பார்த்தோம், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கஸ்மிரா கரைக்கு வந்து, கொண்டையை இன்னும் பிடித்தபடியே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

“நீங்க பாத்துச் சொல்லுங்க அக்கா. நான் திரும்ப மாட்டேன்.”

முர்த்தினி பார்த்தாள். இடப்புறத்துக் கடற்பரப்பில் தெரிந்தவை எல்லாம் அலைகளாகவே இருந்தன. ஒவ்வோர் அலையும் முதலில் படகுபோலத் தோன்றிப் பிறகு அலையாயிற்று. தொழுகைக்கு அழைப்பு வந்தது. பேச்சுக் கொடுக்க எண்ணி முர்த்தினி ஏதோ சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. இந்தப் படத்தை இவ்வளவு விரும்பியதே தவறோ என்ற எண்ணம் வந்தது.

வெளிச்சம் முற்றிலும் போவதற்குச் சற்று முன்பு, மேற்கிலிருந்து ஒரு படகு இன்னொன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அறுந்துபோன வலையின் கயிறு படகு இயந்திரத்தின் சுழலியில் சிக்கி, ராசிமன் நெடுநேரம் அலையில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். இடமிருந்து வலமாக, ஆற்று முகத்தை நோக்கி, இரண்டு படகுகளும் ஊர்ந்து வந்தன. “வராரு” என்றாள் முர்த்தினி. கஸ்மிரா அப்போதும் திரும்பவில்லை. கொண்டையை மட்டும் கையிலிருந்து விட்டாள்.

படகிலிருந்து இறங்கிய ராசிமன், மனைவி முன்னே நடக்கும்வரை காத்திருந்து, முர்த்தினியிடம் தாழ்ந்த குரலில் பேசினான்.

“இன்னிக்கு உங்க படம் ஓடுச்சாமே தங்கச்சி? எனக்கு எப்படித் தெரியும்? காலையில அவளுக்கு வயித்து வலி வரலையே. அதனால கிளம்பிட்டேன்.”

அந்த வலியின் காரணத்தை அவன் முதல்முறையே கண்டுபிடித்துவிட்டிருந்தான். கண்டுபிடித்ததை இவ்வளவு காலமும் சொல்லாமல், வலி வந்த நாளிலெல்லாம் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருக்கிறான்.

ராசிமன் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கடலுக்குப் போனான். கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. முதுமையில், கீழ்க்காற்று வீசிய ஒரு தெளிந்த காலையில், தன் வீட்டுப் பாயில், மனைவி கொடுத்த வெந்நீரைப் பாதி குடித்துவிட்டு இறந்துபோனான். அடக்கம் முடிந்து திரும்பியவர்கள், கஸ்மிரா அழவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாழ்நாள் அழுகை முழுவதையும் படத்தில் கொடுத்துவிட்டாள் என்று வார்சோ சொன்னதாகவும் முர்த்தினி கேள்விப்பட்டாள்.

மறு ஆண்டு ரெம்பாங் பேருந்தின் நடத்துநர் செமாராங் வீட்டுக் கதவைத் தட்டினார். இந்த முறை செய்தி எதிர்த்திசையிலிருந்து வந்திருந்தது. பெட்டியை எடுத்து வரும்படி கஸ்மிரா கேட்டிருந்தாள். ஊரில் கடலுக்குக் காணிக்கை செலுத்தும் விழா வருகிறது. அன்று மைதானத்தில் போட வேண்டும். காலம் தாழ்த்த வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கடைசி வாக்கியம் முர்த்தினியைக் கலக்கியது. புகையில் கழிந்த ஆயுள் கஸ்மிராவின் நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் கை விரித்துவிட்டார்.

கிடங்கு மூடப்பட்ட பிறகு படச்சுருள்கள் முர்த்தினியின் அலமாரியில்தான் இருந்தன. திறந்தால் காடி நாற்றம் அடித்தது. சுருள் சுருங்கியிருந்தது, ஓரத் துளைகள் கிழிந்திருந்தன. இயந்திரத்தில் ஒருமுறை ஓடினால் அதுவே கடைசி முறையாகக்கூட இருக்கலாம் என்று படம் போடுபவர் சொன்னார். வழிநெடுகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே அவள் வந்தாள். படம் தாங்குமா, அதுவரை கஸ்மிரா தாங்குவாளா என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

கஸ்மிராவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மூச்சு விடுவதற்கே அவள் தோள்கள் ஏறி இறங்கின. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையின் நடுவில் அவளுக்கு இடம் ஒதுக்கி, பூ வைத்த மேசை ஒன்றும் போட்டிருந்தார்கள். மூங்கில்களுக்கு இடையே வெள்ளைத் துணி காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. கஸ்மிரா அந்தத் துணியையும், அதற்கு அப்பால் காலியாகக் கிடந்த மணலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முர்த்தினியின் கையைப் பற்றி, குனியச் சொன்னாள். அவள் கடைசியாகக் கேட்டது இதுதான்.

“முன்னாடி வேணாம் அக்கா. என்னைத் திரைக்குப் பின்னாடி உக்கார வைங்க. அங்கேருந்து பாத்தா அவரு படகு கரைக்கு வரும்.”